மேஜிக் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

தமிழ்நாட்டு மேடை மேஜிக் கலைஞர்களுக்கும், மறைந்த கலைஞர்களின் வீட்டாருக்கும், பழம்பொருள் சேகரிக்கும் நண்பர்களுக்கும்:

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். பழைய மேஜிக் ஷோ நோட்டீஸ், போஸ்டர், டிக்கெட், போட்டோ, மேடையில் புழங்கிய பெட்டி, செம்பு என்று தேடிச் சேர்த்துவருகிறேன். சேர்க்கச் சேர்க்க ஒரு கவலை பெரிதாகிக்கொண்டே போகிறது. அதை உங்களிடம்தான் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பெட்டியையும் நோட்டீஸ் கட்டையும் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ராமசாமி. நம் பக்கத்திலிருந்து 1810களில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த வித்தைக்காரர். அந்த ஊர்க்காரர்கள் வாயில் ‘ராமோ சாமி’ ஆகிவிட்டார். வாளை விழுங்குவார். பாசிமணிகளை வாயில் போட்டுக்கொண்டு நாக்காலேயே நூலில் கோத்து எடுப்பார். செப்பும் பந்தும் செய்வார். இந்திய வித்தைக்காரர்களின் கைத்திறனைப் பார்த்து வியந்து வில்லியம் ஹேஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் 1821இல் ஒரு நீண்ட கட்டுரையே வெளியிட்டார். அவ்வளவு பெயர் எடுத்த ராமசாமி 1850இல் லண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்காக அவருடைய மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்க வேண்டியிருந்தது. இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? லண்டனில் அச்சான நோட்டீஸ்களையும் பத்திரிகைகளையும் அங்கே யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். அவர் கடல் தாண்டிப் போகாமல் நம் ஊர்த் திருவிழாக்களிலேயே வித்தை காட்டியிருந்தால் இன்று பெயர்கூட மிஞ்சியிருக்காது. அப்படிப் பெயர் மிஞ்சாமல் போனவர்கள்தான் அவரோடு தொழில் செய்த மற்ற எல்லோரும்.

அடுத்தது சேஷால் என்ற முதியவர். சென்னையில் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டியவர். இரண்டு பேர் போர்வையை விரித்துப் பிடித்து மறைப்பார்கள். போர்வை விலகும்போது அவர் சம்மணமிட்டபடி காற்றில் இருப்பார். ஒரு கை மட்டும், நிறுத்திவைத்த மூங்கிலில் பொருத்திய மான்தோல் சுருளின்மேல் லேசாகப் பட்டிருக்கும். 1830களின் தொடக்கத்தில் லண்டன் இதழ் ஒன்றில் இது படத்தோடு வந்தது. அதற்குப் பிறகு 1847இல் பாரிஸில் ரோபேர் ஊதேன் என்ற மேஜிஷியன் தன் மகனை ஒரு கோலின்மேல் அந்தரத்தில் படுக்கவைத்து நகரத்தையே திரும்பிப் பார்க்கவைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் நெவில் மாஸ்கலின் தாங்குகோலே கண்ணுக்குத் தெரியாதபடி ஆளை மிதக்கவைத்தார். அமெரிக்காவில் ஹாரி கெல்லர் அதே வித்தையை இந்து இளவரசி கர்னாக்கின் மிதப்பு என்ற கதையோடு மேடையேற்றினார். 1908இல் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றபோது தன் வாரிசாக ஹோவர்ட் தர்ஸ்டனை அறிவித்தார். இந்த மிதப்பு வித்தையும் தர்ஸ்டனிடம் போய்ச் சேர்ந்தது.

கெல்லரின் போஸ்டரையோ தர்ஸ்டனின் போஸ்டரையோ அசலாகப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சின்சினாட்டியில் இருந்த ஸ்ட்ரோபிரிட்ஜ் அச்சகத்தின் கல்லச்சு வேலை அது. வண்ணத்துக்கு ஒரு கல் என்று தனித்தனியாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அடித்தவை. கெல்லரின் தோளில் ஏறிக் காதில் ரகசியம் ஓதும் சிவப்புக் குட்டிச்சாத்தானின் வால்நுனி வரை தெளிவாக இருக்கும். தெருச் சுவரில் ஒட்டிக் கிழித்தெறிய வேண்டிய காகிதம் இன்று ஏலத்துக்கு வந்தால் பெரிய தொகைக்குப் போகிறது. தர்ஸ்டன் தன் படம் அச்சிட்ட சீட்டுகளை மேடையிலிருந்து பால்கனி வரை வீசுவார். பிடித்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்தினார்கள். அந்தச் சீட்டுகளுக்கும் இன்று தனியாகச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கார்ட்டர் என்ற அமெரிக்க மேஜிஷியன் உலகம் சுற்றி வந்தவர். 1936இல் மும்பையில் இறந்தார். நம் மண்ணில் கண்ணை மூடிய அவருடைய போஸ்டர்களையும் அமெரிக்காவில்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் ஒரு முதியவர் உட்கார்ந்து காட்டியதிலிருந்து கெல்லரின் இளவரசி வரைக்கும் ஒரு நூல் ஓடுகிறது. மேற்கே இருக்கும் முனையில் போஸ்டர், கடிதம், கணக்குப் புத்தகம், கருவி எல்லாம் இருக்கின்றன. நம் பக்கத்து முனையில் அயலார் எழுதிய குறிப்பும் படமும் மட்டும் இருக்கின்றன. சேஷாலுக்கு மான்தோல் சுருளையும் மூங்கிலையும் செய்துகொடுத்தது யார், அவருக்குப் பிறகு அந்தப் பொருள்கள் என்ன ஆயின என்பதற்கு நம்மிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது.

தாள் இல்லாத இடத்தில் கட்டுக்கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். 1890இல் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை, இந்தியாவில் கயிறு தானாக மேலே எழும்பியதாகவும் அதில் ஒரு சிறுவன் ஏறி மறைந்ததாகவும் எழுதியது. சில மாதங்களுக்குப் பிறகு, அது கற்பனை என்று அதே பத்திரிகை ஒப்புக்கொண்டது. மறுப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. கயிற்று வித்தை மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. இந்திய வித்தைக்காரன் என்றால் கயிறு என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள். நிஜமாகவே வாழ்ந்து, நிஜமாகவே கருவி செய்து, பாட்டை பாட்டையாக நடந்து ஊர் ஊராக வித்தை காட்டியவர்களைவிட, நடக்காத ஒரு வித்தைக்கு வரலாறு நன்றாக இருக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

இந்தியாவுக்குள்ளேயே பாருங்கள். வங்காளத்தில் கணபதி சக்கரவர்த்தி கிரேட் பெங்கால் சர்க்கஸில் சேர்ந்து பெயர் பெற்றார். இல்யூஷன் பாக்ஸ், இல்யூஷன் ட்ரீ, கம்ச காராகாரம் ஆகியவை அவருடைய புகழ்பெற்ற ஐட்டங்கள். கம்சனின் சிறைக்கதையை எடுத்து விலங்கு, பூட்டு, கூண்டு என்று மேடைக்கு ஏற்றமாதிரி அமைத்துக்கொண்ட மூளை அவருடையது. 1939இல் இறந்தார். அவரிடம் பயின்ற பி. சி. சர்க்கார் அந்தப் பரம்பரையை உலக மேடைக்குக் கொண்டுபோனார். 1956இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டியபோது, அவள் எழுந்து நிற்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பதறிப்போன நேயர்களின் அழைப்புகளால் தொலைபேசி இணைப்புகள் திணறின. 1971இல் ஜப்பானில் ஷோ நடத்தப் போன இடத்தில் இறந்தார். அவருடைய வாரிசுகள் தொழிலைத் தொடர்ந்ததால் பெயர் நின்றது. 2010இல் தபால்தலையும் வந்தது. கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரியை அங்குள்ள கலைஞர்கள் குருவாகப் போற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் அதே காலத்தில் கூடாரம் போட்டு, டவுன் ஹாலில் திரை கட்டி, ஊர் ஊராகப் போனவர்களை நாம் யாரென்று சொல்வோம்?

ஒரு நோட்டீஸைப் பற்றிச் சொல்கிறேன். ரோஸ் நிறத் தாள், ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. நடுவில் தலைப்பாகை கட்டிய ஆள் ஒருவர் மண்டை ஓட்டை ஏந்தி நிற்கிற பிளாக். மேலே “புரொபசர்” என்று கொட்டை எழுத்து. அதற்கு அடுத்துப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்தான் தாளை மடித்திருக்கிறார்கள். மடிப்பு நைந்து, பெயர் போய்விட்டது. சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி, பெஞ்சு 4 அணா, தரை 2 அணா, பெண்களுக்குத் தனி இடம் என்பதெல்லாம் தெளிவாக இருக்கின்றன. தேதி இருக்கிறது, ஆண்டு இல்லை. அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் அழியாமல் இருக்கின்றன. அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் அச்சடித்தவர் பெயரையும் இடத்தையும் போட வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதனால் அச்சடித்தவர் யாரென்று தெரிகிறது, ஆடியவர் யாரென்று தெரியவில்லை.

இப்படி ஒரு தாளிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அணாக் கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தால் ஆண்டை நெருங்கிவிடலாம். ஒரே தேதி அதே கிழமையில் 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில்தான் திரும்ப வரும். தமிழ் வருஷப் பெயர் போட்டிருந்தால் அறுபது ஆண்டு வட்டத்தில் எந்த ஆண்டு என்று உடனே பிடித்துவிடலாம். அச்சகத்தின் ஊரை வைத்து கம்பெனி எந்தப் பக்கத்தில் சுற்றியது என்று ஊகிக்கலாம். அந்த பிளாக் அச்சகத்தின் சொந்தப் பொருளாக இருக்கலாம் என்பதால், படத்தில் இருப்பவரையே கலைஞர் என்று நம்பிவிடக்கூடாது. வேறு ஊர் நோட்டீஸில் அதே மண்டை ஓட்டு மனிதர் வந்து நின்றால் சந்தேகம் தீரும். இந்த வேலைக்கு ஒரு தாள் போதாது, பத்துத் தாள் வேண்டும். அந்த மற்ற தாள்கள் உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன.

என்னிடம் ஒரு பித்தளைச் செம்பும் இருக்கிறது. ‘வாட்டர் ஆஃப் இந்தியா’ என்று தொழிலில் சொல்லும் ஐட்டத்துக்கு உரியது. நிகழ்ச்சி தொடங்கும்போது கலைஞர் செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக் காலி என்று காட்டி வைத்துவிடுவார். அடுத்த ஐட்டம் முடிந்ததும் மறுபடி கவிழ்த்தால் மறுபடி தண்ணீர் கொட்டும். நிகழ்ச்சி முடியும்வரை அந்தச் செம்பு வற்றாது. எப்படி என்று எழுத மாட்டேன். கைவேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளியே பார்த்தால் எந்த வீட்டுச் செம்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. கழுத்துக்குக் கீழே பற்றவைத்த தடம் விரல் நுனிக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஈயம் பூசியிருக்கிறது. அடியில், நம் வீட்டுப் பாத்திரங்களில் வெட்டுவதுபோலவே, புள்ளி புள்ளியாக இரண்டு இனிஷியல் வெட்டியிருக்கிறது. தண்ணீர் அளவு, காற்று நுழையும் வழி, பிடிக்கும் கையின் வாகு எல்லாம் தெரிந்த ஒரு கன்னார்தான் இதைச் செய்திருக்க முடியும். இதை நான் வாங்கியது பழைய பாத்திரக் கடையில், பித்தளை என்ன விலையோ அந்த விலைக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் உலைக்குப் போயிருக்கும்.

வெளிநாட்டில் மேஜிக் கருவி கண்டுபிடித்தவர் என்றால் அவர் பெயரில் காப்புரிமை, விலைப்பட்டியல், பட்டறைப் படம் எல்லாம் இருக்கும். நம் ஊரில் கண்டுபிடிப்பு ஓர் ஆசாரி, ஒரு கன்னார், ஒரு தையல்காரர், கலைஞர் ஆகிய நால்வர் கையில் பிரிந்து கிடந்தது. கலைஞர் யோசனை சொல்வார், ஆசாரி பெட்டியின் அடிப்பலகையை ஒரு விரல்கடை உயர்த்திப் பார்ப்பார், தையல்காரர் கோட்டுக்குள் ரகசியப் பை வைப்பார். கன்னையா நாடகக் கம்பெனியும் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியும் தந்திரக் காட்சிகளால் சனங்களை இழுத்த காலம் அது. நாடக மேடைக்கும் மேஜிக் மேடைக்கும் தேவைப்பட்டது இதே கைத்திறன்தான். அந்தக் கண்டுபிடிப்பாளர்களுக்குப் புத்தகத்தில் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பெட்டியும் செம்பும்தான் சாட்சி.

கலைஞர்களே, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். “பெட்டியை வெளியே கொடுத்தால் ரகசியம் போய்விடுமே” என்பீர்கள். அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஹோரஸ் கோல்டின் என்ற மேஜிஷியனின் கதையைப் பாருங்கள். 1921இல் லண்டனில் செல்பிட் என்ற மேஜிஷியன் ஒரு பெண்ணை அறுக்கும் வித்தையை மேடையேற்றிய சில மாதங்களில், கோல்டின் தன் வழியில் அதை அமெரிக்காவில் நடத்தினார். மற்றவர்கள் காப்பியடிக்காமல் இருக்க 1923இல் காப்புரிமை வாங்கினார். காப்புரிமை வாங்க வேண்டுமானால் செய்முறையைப் படம் போட்டு விளக்கித் தர வேண்டும். அந்தத் தாளை யார் கேட்டாலும் அரசு அலுவலகம் கொடுக்கும். பிற்பாடு ஒரு சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்தில் அந்த வித்தையின் ரகசியத்தை வெளியிட்டது. கோல்டின் வழக்குப் போட்டார். ஏற்கெனவே நீங்களே காப்புரிமையில் வெளியிட்டுவிட்டீர்களே என்று 1938இல் நீதிமன்றம் கைவிரித்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எதையும் வெளியே விடாதே என்பதை அல்ல. எதை எழுதி வைக்க வேண்டும், எதைப் பூட்டி வைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய் என்பதைத்தான். யார் நடத்தினார், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் பெட்டி செய்தது, யார் அசிஸ்டென்ட் என்பதில் எந்த ரகசியமும் உடைவதில்லை. பெட்டியின் உள் அமைப்பும் கைநோட்டும் மட்டும்தான் ரகசியம். அவற்றை உறையில் போட்டு ஒட்டி, இத்தனை ஆண்டுக்குத் திறக்கக்கூடாது என்று எழுதி வைக்கலாம். ஆவணக் காப்பகங்களில் இது வழக்கமான ஏற்பாடு. ரகசியத்தைக் காப்பது குருவுக்குச் செய்யும் மரியாதை. அவர் பெயரைத் தொலைத்துவிடுவதை யாராலும் மரியாதை என்று சொல்ல முடியாது.

இதை நான் திருவண்ணாமலையிலிருந்து எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. அற்புதம் தேடி இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஏராளம். பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயரும் அப்படித்தான் வந்தார். 1934இல் வெளியான அவருடைய நூல் வழியாகத்தான் பகவான் ரமணரை மேலைநாட்டார் பலர் அறிந்தார்கள். அந்த நூலைக் கையில் பிடித்தபடி ஆசிரமத்துக்கு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அதே நூலின் முன்பகுதியில், மும்பை ஓட்டல் ஒன்றில் அவர் சந்தித்த எகிப்து நாட்டு மந்திரவாதி ஒருவர் வருகிறார். எழுதி மடித்த கேள்வித் தாளிலேயே பதில் தோன்றியதாகப் பிரண்டன் எழுதுகிறார். மேடைக் கலைஞர்கள் அந்த அத்தியாயத்தைப் படித்தால், மடித்த தாளை வைத்துத் தாங்கள் செய்யும் பழைய ஐட்டங்கள் நினைவுக்கு வரும். பிரண்டன் அங்கிருந்து சுற்றிச் சுற்றிக் கடைசியில் அருணாசலத்தின் அடிவாரத்துக்கு வந்துசேர்ந்தார். இங்கே அவருக்கு யாரும் வித்தை காட்டவில்லை. சித்திகளைப் பகவான் பெரிதாக நினைத்ததே கிடையாது. உள்ளது நாற்பதில், தன்னை அறிந்து இருப்பதே சித்தி என்றும் மற்றவை கனவில் பெற்ற சித்திகளைப் போன்றவை என்றும் பாடிவைத்தார்.

இந்த மண்ணில் இருந்துகொண்டு மேடைக் கலைஞர்களை நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான். நல்ல மேஜிஷியன் மேடையில் ஏறியதும், “இது கைத்திறன், மந்திரம் இல்லை” என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். காசு வாங்குவது பொழுதுபோக்குக்கு. யாருடைய பக்தியையும் யாருடைய துன்பத்தையும் அவர் விலைபேசுவதில்லை. விபூதி கொட்டியும் எலுமிச்சையில் ரத்தம் காட்டியும் ஏமாற்றுகிறவர்களைப் பற்றிச் சனங்களுக்கு முதலில் எச்சரிக்கை சொன்னவர்களில் மேடைக் கலைஞர்களும் உண்டு. மேஜிஷியன் ஹூடினி தன் கடைசிக் காலத்தில் போலி ஆவியுலகவாதிகளை அம்பலப்படுத்த ஊர் ஊராகப் போனார். இப்படி நாணயமாகத் தொழில் செய்த கலைஞர்களின் ஆவணத்தைக் காப்பாற்றுவது மக்களின் பகுத்தறிவுக்கும் செய்கிற சேவை.

பழம்பொருளின் அருமையையும் இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டேன். பகவான் சாய்ந்திருந்த சோபா ஆசிரமத்தின் பழைய ஹாலில் இன்றும் இருக்கிறது. கையெழுத்துப் பிரதிகளையும் புகைப்படங்களையும் ஆசிரமம் தனி ஆவணக் காப்பகத்தில் வைத்துப் பராமரிக்கிறது. அன்றைக்கே எடுத்து வைத்த அன்பர்கள் இருந்ததால்தான் இன்று வருகிறவர்கள் அவற்றைப் பார்க்க முடிகிறது. மகானையும் மேடைக் கலைஞரையும் நான் ஒப்பிடவில்லை. எடுத்து வைத்தால்தான் இருக்கும் என்ற விதி எல்லாப் பொருளுக்கும் பொது.

எடுத்து வைத்த சிலரைப் பற்றிச் சொல்கிறேன். லண்டனில் எவானியன் என்று ஒரு மேஜிஷியன் இருந்தார். பெரிய நட்சத்திரம் இல்லை. வாழ்நாள் முழுக்க மேஜிக் நோட்டீஸ், சர்க்கஸ் நோட்டீஸ், கடை விளம்பரம், டிக்கெட் என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். வறுமை நெருக்கியபோது 1895இல் ஒரு பகுதியை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றார். ஏறக்குறைய 5000 தாள்கள். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் அவர் பெயரிலேயே தொகுப்பாக இருக்கின்றன. 1904இல் ஹூடினி அந்த முதியவரைச் சந்தித்து, மிச்சம் இருந்தவற்றை விலைக்கு வாங்கத் தொடங்கினார். மறு ஆண்டு எவானியன் இறந்தார். ஹூடினி சேர்த்த நூல்கள் அவர் மறைவுக்குப் பின் 1927இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. ஏறத்தாழ 4000 நூல்கள் அவை. இவர்கள் எடுத்து வைக்கவில்லை என்றால் பழைய மேஜிக் வரலாற்றில் பாதி வதந்தியாகிப்போயிருக்கும்.

இன்னொருவர் நம் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தவர், ரோஜா முத்தையா செட்டியார். பழைய நூல், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் குப்பை என்று ஒதுக்காமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்துச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழிசெய்தது. 1994 முதல் அந்த நூலகம் இயங்குகிறது. நாடக வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகிறார்கள். மேஜிக் வரலாறு எழுதப் போகிறவர்களுக்கும் அப்படி ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்றால் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இனி வீட்டாருக்கு. அப்பாவோ தாத்தாவோ மேஜிக் கலைஞராக இருந்தால் முதலில் ஒரு சிறு தாளில் பென்சிலால் அவருடைய முழுப்பெயர், ஊர், மேடைப் பெயர், குரு யார், எந்தெந்த ஆண்டுகளில் ஷோ நடத்தினார் என்று எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். நோட்டீஸை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். மடிப்பைப் பிரித்து நீட்டி, ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். முன்புறம், பின்புறம் இரண்டையும் போனில் படம் எடுங்கள். பின்புறத்தில் வரவு செலவுக் கணக்கு எழுதியிருந்தால் அதுவும் வரலாறுதான். போட்டோவில் இருப்பவர்கள் யார் என்று உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். பாத்திரம் பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். வெட்டிய எழுத்து மழுங்கிவிடும்.

அசிஸ்டென்டாகப் போன பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். பெட்டிக்குள் உடம்பைக் குறுக்கிப் படுத்தவர்கள் அவர்கள். வாள்களுக்கு நடுவில் மூச்சை அடக்கி இருந்தவர்கள். பெரும்பாலும் கலைஞரின் மனைவி, மகள், தங்கை. நோட்டீஸில் அவர்கள் பெயர் வந்ததே இல்லை. எந்த ஊரில் எந்த மேடை சரிந்தது, எந்த ஐட்டம் யார் யோசனை என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் சம்மதத்தோடு போனில் ஒலிப்பதிவு செய்து, தேதியையும் பெயரையும் சொல்லி முடித்துவையுங்கள்.

என்னைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கலைஞரின் தொகுப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்காதீர்கள். செம்பு ஒரு கையிலும் நோட்டீஸ் இன்னொரு கையிலும் போனால் இரண்டுமே ஊமையாகிவிடும். துக்க வீட்டில் போய்ப் பேரம் பேசாதீர்கள். வாங்கினால் நியாயமான விலை கொடுத்து, வாங்கிய பொருள்களின் பட்டியலை எழுதி வீட்டாரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். ரகசியத்தைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டிப் பெயர் வாங்க நினைக்காதீர்கள். நம் அலமாரியில் இருப்பது நம் காலத்துக்குப் பிறகு எங்கே போகும் என்பதையும் இப்போதே எழுதி வைப்போம். நான் எழுதி வைத்திருக்கிறேன்.

மேஜிக் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் நடக்கும் கூட்டத்தில் புது ஐட்டம் காட்டுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைப் பழைய கலைஞர்களுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வோர் உறுப்பினரும் தன் குருவின் பெயர், குருவுக்குக் குருவின் பெயர், அவர்களுக்குப் பெட்டி செய்த ஆசாரியின் பெயர் இவற்றை எழுதிக் கொடுத்தால் போதும். தமிழ்நாட்டு மேஜிக் கலைக்கு முதல் வம்சாவளி கிடைத்துவிடும்.

போகிக்கு முதல் நாள் பரணைக் காலி செய்வது நம் வழக்கம். அந்த ஒரு நாளில்தான் இத்தகைய பொருள்கள் அதிகம் அழிகின்றன. வருகிற போகிக்கு முன்னால் பெட்டியை இறக்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் நூலகத்துக்கோ உங்கள் சங்கத்துக்கோ கொடுங்கள். தீயில் மட்டும் போடாதீர்கள்.

அன்புடன்,
பழைய மேஜிக் நோட்டீஸ்கள் சேகரிக்கும் ஒருவன்,
ரமணாசிரமம் அருகில், திருவண்ணாமலை.